டாக்டர் சாக்ரடீஸ்: பிரேசில் நடுக்கள வீரரைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாக்ரடீஸ் என்றால் விஷம் குடித்த கிரேக்கத் தத்துவஞானி இல்லையா? கால்பந்துக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்?

பெயர் அங்கிருந்து வந்ததுதான். பிரேசிலின் வடக்கே பெலேம் நகரில் 1954 பிப்ரவரி 19 அன்று பிறந்த இவருடைய முழுப்பெயர் சாக்ரடீஸ் பிரசிலெய்ரோ சம்பாயோ டி சோசா வியேரா டி ஒலிவெய்ரா. அப்பா ராய்முண்டோ பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர், சொந்தமாகப் படித்து அரசு வேலைக்கு வந்தவர், வீடு முழுக்கப் புத்தகம் சேர்த்தவர். கிரேக்க நூல்களைப் படித்துக்கொண்டிருந்த காலத்தில் மூத்த மகன் பிறந்ததால் சாக்ரடீஸ் என்று வைத்தார், அடுத்த இரண்டு பேருக்கு சோஸ்தெனஸ், சோஃபோக்ளிஸ் என்று வைத்தார்.

அந்தப் புத்தக அலமாரியைப் பற்றி ஒரு சம்பவம் உண்டு, அதைச் சொல்லாமல் இவரைப் பற்றிப் பேசவே முடியாது. 1964இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது சாக்ரடீஸுக்குப் பத்து வயது. ரஷ்யப் புரட்சியைப் பற்றிய ஒரு புத்தகத்தை அப்பா தன் கையாலேயே எரிப்பதைப் பார்த்தார். புத்தகத்தை உயிராக நினைத்த மனிதர், வீட்டுக்கு ஆபத்து வந்துவிடுமோ என்று பயந்து அதைத் தீயில் போடுகிறார். தன் அரசியல் எங்கே தொடங்கியது என்று யாராவது கேட்டால் சாக்ரடீஸ் பிற்காலத்தில் இந்தக் காட்சியைத்தான் சொல்வார்.

நிஜமாகவே டாக்டரா, இல்லை பட்டப்பெயரா?

நிஜமான டாக்டர். சாவ் பாவ்லோ பல்கலைக்கழகத்தின் ரிபெய்ராவ் பிரேட்டோ மருத்துவக் கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கியவர். குடும்பம் அந்த ஊருக்குத்தான் குடிபெயர்ந்திருந்தது. படிக்கும்போதே அதே ஊரின் போட்டாஃபோகோ கிளப்பில் தொழில்முறை ஆட்டக்காரர் ஆகிவிட்டார். (ரியோவில் இருக்கும் பிரபலமான போட்டாஃபோகோ வேறு, இது வேறு.) வகுப்பும் வார்டும் இருந்ததால் பயிற்சிக்கு ஒழுங்காகப் போக முடியாது, பல வாரம் ஆட்டத்தன்று வந்து சட்டையை மாட்டிக்கொண்டு இறங்குவார், ஆனாலும் கிளப் அவரை விடவில்லை, காரணம் அவர் இல்லாமல் அந்த அணிக்குக் கோல் வருவது கஷ்டம். பெரிய கிளப்புகள் கூப்பிட்டபோதும் படிப்பை முடித்த பிறகுதான் ஊரைவிட்டுக் கிளம்பினார்.

தொழில்முறைக் கால்பந்தில் இது எவ்வளவு அபூர்வம் என்று யோசித்துப் பாருங்கள். பதினாறு, பதினேழு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு முழுநேரமும் பந்தோடு இருக்கும் பையன்கள்தான் அங்கே மேலே வருவார்கள். இவர் இருபத்து நான்கு வயது வரைக்கும் பாதி நேர ஆட்டக்காரர். உடம்பு அதற்கான விலையைக் கொடுத்தது, ஓட்டத்தில் எப்போதுமே கொஞ்சம் பின்தங்கித்தான் இருந்தார். ஆனால் ஆட்டத்துக்கு வெளியே ஒரு உலகம் இருக்கிறது என்பதை அந்தக் கல்லூரி வருடங்கள்தான் அவருக்குக் காட்டின என்று நான் நினைக்கிறேன்.

களத்தில் எந்த இடம்? எப்படி ஆடுவார்?

நடுக்களம், அதிலும் முன்பக்கம் சாய்ந்த நடுக்களம். ஆறடிக்கு மேல் நாலு அங்குலம் உயரம், குச்சி மாதிரி உடம்பு, அந்த உயரத்துக்குப் பொருந்தாத சின்னப் பாதம். அதனால்தான் ஒல்லிப்பிச்சான் என்று அர்த்தம் வரும் ‘மக்ராவ்’ என்ற செல்லப்பெயரும் ‘டாக்டர்’ என்ற பெயரும் சேர்ந்தே புழங்கின.

இவ்வளவு உயரமான ஆள் பந்தோடு சட்டென்று திரும்புவது கஷ்டம். திரும்பாமலே ஆட ஒரு வழி கண்டுபிடித்தார், அதுதான் குதிகால் பாஸ். முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார், பந்து வரும், பார்க்காமலே குதிகாலால் பின்னால் தள்ளுவார், அது ஓடிவரும் கூட்டாளியின் காலில் போய் உட்காரும். முதல் முறை பார்ப்பவர்களுக்கு இது வித்தை காட்டுவதுபோல் தெரியும். உண்மையில் அது ஒரு சிக்கன நடவடிக்கை, திரும்ப எடுக்கும் ஒரு நொடியை மிச்சம் பிடிக்கிறார், எதிராளி அந்த ஒரு நொடிக்காகத்தான் காத்திருக்கிறான். பந்து வருவதற்கு முன்பே யார் எங்கே நிற்கிறார்கள் என்று மனதில் படம் எடுத்து வைத்திருந்தால் மட்டுமே இது நடக்கும்.

இரண்டு காலிலும் அடிப்பார், பெனால்டிக்கு ஓடி வராமல் ஒரே எட்டு வைத்து அடிப்பார். நடுக்கள வீரராக இருந்துகொண்டு கொரிந்தியன்ஸ் கிளப்புக்காக 300க்குக் கொஞ்சம் குறைவான ஆட்டங்களில் 172 கோல், பிரேசிலுக்காக 60 ஆட்டங்களில் 22 கோல். 1983இல் தென் அமெரிக்காவின் சிறந்த வீரர் விருதும் அவருக்குத்தான்.

கொரிந்தியன்ஸ் எப்படிப்பட்ட கிளப்?

சாவ் பாவ்லோ நகரத்துத் தொழிலாளர்களின் கிளப். 1910இல் ரயில்வே தொழிலாளர்கள் சிலர் சேர்ந்து ஆரம்பித்தது, இங்கிலாந்திலிருந்து ஆட வந்த ஒரு அணியின் பெயரைப் பார்த்து வைத்துக்கொண்டது. 23 வருடம் ஒரு பெரிய பட்டமும் இல்லாமல் கிடந்து 1977இல்தான் மாநிலப் பட்டம் வென்றது, அந்த வறட்சிக் காலத்தில் ரசிகர் கூட்டம் குறையாமல் பெருகியது. அதற்கு அடுத்த வருடம், 1978இல், சாக்ரடீஸ் அங்கே சேர்ந்தார். சின்ன வயதில் அவர் பெலேயின் சாந்தோஸ் அணிக்கு ரசிகர். கொரிந்தியன்ஸ் மேல் பாசம் அங்கே போன பிறகு வளர்ந்ததுதான், ஆரம்பத்தில் கோல் அடித்துவிட்டுச் சிரிக்கக்கூட மாட்டார், ரசிகர்களுக்கு அது பிடிக்கவில்லை. போகப்போக நிலைமை மாறியது.

‘கொரிந்தியன்ஸ் ஜனநாயகம்’ என்கிறார்களே, அது என்ன?

இதைக் கொஞ்சம் விரிவாகத்தான் சொல்ல வேண்டும், சாக்ரடீஸின் வாழ்க்கையிலேயே பெரிய விஷயம் இதுதான், எந்தக் கோப்பையையும் விட.

அந்தக் காலத்து பிரேசில் ஆட்டக்காரரின் நிலைமை முதலில் தெரிய வேண்டும். ‘பாசே’ என்று ஒரு முறை இருந்தது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஆட்டக்காரர் கிளப்பின் சொத்துதான், கிளப் விட்டுக்கொடுக்காமல் வேறு இடத்தில் ஆட முடியாது. (1998இல் வந்த பெலே சட்டம்தான் இதற்கு முடிவு கட்டியது.) அதோடு ஆட்டத்துக்கு ஒன்றிரண்டு நாள் முன்பே எல்லோரையும் ஒரு விடுதியில் அடைத்துவிடுவார்கள், அதற்கு ‘கான்சென்ட்ராசாவ்’ என்று பெயர். கல்யாணமாகிக் குழந்தை பெற்ற ஆம்பளைகளைக்கூட நம்பாமல் ராத்திரி அறைக்கதவைத் தட்டிப் பார்ப்பார்கள். நாட்டில் ராணுவ ஆட்சி, கிளப்புக்குள்ளும் தலைவர் வைத்ததே சட்டம்.

1981இல் கொரிந்தியன்ஸ் மோசமாக ஆடியது. தலைவர் மாறி வால்டெமர் பீரெஸ் வந்தார், கால்பந்துப் பிரிவைப் பார்த்துக்கொள்ள அடில்சன் மோன்டெய்ரோ ஆல்வெஸ் என்பவரைக் கொண்டுவந்தார். அடில்சன் சமூகவியல் படித்தவர், கால்பந்து நிர்வாகம் தெரியாதவர், தெரியாது என்பதை மறைக்காதவர். அணியை உட்காரவைத்து, இங்கே என்ன தப்பாக இருக்கிறது என்று கேட்டார். அந்தக் கேள்வியை அதுவரைக்கும் அவர்களிடம் யாரும் கேட்டதில்லை, பேச ஆரம்பித்தவர்கள் மணிக்கணக்கில் பேசினார்கள்.

அங்கிருந்து ஓட்டு முறை வந்தது. சாக்ரடீஸ், இடது பின்கள வீரரும் தொழிற்சங்கப் பழக்கம் உள்ளவருமான விளாடிமிர், பத்தொன்பது வயது முன்கள வீரர் கசாகிராண்டே, இவர்கள் முன்னால் நின்றார்கள். பயிற்சி எத்தனை மணிக்கு, பேருந்து எப்போது கிளம்ப வேண்டும், யாரை வாங்கலாம், யாரை விடலாம், பரிசுப் பணத்தை எப்படிப் பிரிப்பது, எல்லாவற்றுக்கும் ஓட்டு. நட்சத்திர வீரருக்கு ஒரு ஓட்டு என்றால் சட்டை துவைத்து வைக்கும் ஊழியருக்கும் ஒரு ஓட்டு, மசாஜ் செய்பவருக்கும் ஒரு ஓட்டு, நிர்வாகிக்கும் அதே ஒரு ஓட்டுதான். விடுதியில் அடைக்கும் வழக்கத்தை, முதலில் கல்யாணமானவர்களுக்கு என்று தொடங்கி, ஓட்டு போட்டே தளர்த்தினார்கள். ஒரு கட்டத்தில் பயிற்சியாளர் பதவி காலியானபோது மூத்த வீரர் ஸே மரியாவையே அந்த இடத்தில் உட்காரவைத்தார்கள்.

என்னை இந்தக் கதையில் பிடித்து நிறுத்துவது அந்தப் பேருந்து நேரம்தான். ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டு இருபது வருடமாக இல்லாத நாடு அது. முப்பது வயதைத் தாண்டாத ஒரு பிரேசில்காரர் தன் வாழ்நாளில் அப்படி ஒரு ஓட்டு போட்டிருக்கவே மாட்டார். அப்படிப்பட்டவர்கள் ஒரு அறையில் உட்கார்ந்து, எத்தனை மணிக்கு வண்டி எடுக்கலாம் என்று கை தூக்கிப் பழகுகிறார்கள். ஓட்டில் தோற்றவன் முணுமுணுத்துக்கொண்டே மறுநாள் சரியான நேரத்துக்கு வந்து நிற்கிறான். அரசியல் பேசிய விளையாட்டு வீரர்கள் உலகத்தில் நிறையப் பேர் உண்டு, ஆனால் தான் வேலை பார்க்கும் இடத்தையே மாற்றிக் காட்டியவர்கள் ரொம்பக் குறைவு, அதனால்தான் சாக்ரடீஸை நான் அந்தப் பட்டியலில் தனியாக வைக்கிறேன்.

ஜெயித்தார்களா, இல்லை பேச்சு மட்டும்தானா?

ஜெயித்தார்கள். 1982, 1983 என்று அடுத்தடுத்து இரண்டு வருடம் சாவ் பாவ்லோ மாநிலப் பட்டம், இரண்டு தடவையும் இறுதியில் எதிரே நின்றது சாவ் பாவ்லோ அணி. 1983 இறுதியின் இரண்டு ஆட்டங்களிலும் கொரிந்தியன்ஸுக்குக் கோல் அடித்தவர் சாக்ரடீஸ். தோற்றிருந்தால் இந்த முயற்சியை ஒரே மாதத்தில் ஊத்தி மூடியிருப்பார்கள் என்பது அவர்களுக்கே நன்றாகத் தெரியும்.

சட்டையில் அரசியல் வாசகம் எழுதினார்கள் என்பது உண்மையா?

உண்மைதான். 1982இல்தான் பிரேசில் கிளப்புகள் சட்டையில் விளம்பரம் போட அனுமதி கிடைத்தது. மற்ற கிளப்புகள் கம்பெனிப் பெயரை அச்சடித்தன. அந்த வருடம் நவம்பர் 15 அன்று மாநில ஆளுநர்களைப் பல வருடங்களுக்குப் பிறகு மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் தேர்தல் வந்தது. கொரிந்தியன்ஸ் வீரர்கள் முதுகில் ‘15ஆம் தேதி ஓட்டுப் போடுங்கள்’ என்று எழுதிக்கொண்டு இறங்கினார்கள். எந்தக் கட்சி என்று ஒரு வார்த்தை கிடையாது. எழுதப் படிக்கத் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரும் பார்க்கும் ஒரே இடம் கால்பந்து மைதானம், அங்கே போய்த் தேதியைச் சொல்வது எவ்வளவு பெரிய காரியம்! அரசு தரப்பிலிருந்து கண்டிப்பு வந்தது, விளையாட்டில் அரசியல் கலக்காதே என்று.

அப்புறம் ‘ஜனநாயகம்’ என்ற சொல்லையே சட்டையில் போட்டார்கள். வாஷிங்டன் ஒலிவெட்டோ என்ற விளம்பரக்காரர் அவர்களோடு சேர்ந்து அந்த எழுத்தையும் முத்திரையையும் வடிவமைத்துக் கொடுத்தார். 1983 இறுதியில் ஒரு பெரிய பதாகையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள்: ‘வெற்றியோ தோல்வியோ, எப்போதும் ஜனநாயகத்தோடு.’

அணிக்குள் எல்லோரும் இதை ஏற்றுக்கொண்டார்களா?

இல்லை. 1983இல் வந்த கோல்கீப்பர் எமர்சன் லியாவ் வெளிப்படையாகவே எதிர்த்தார். நாலைந்து பேர் பேசிப் பேசி மற்றவர்களை இழுத்துக்கொண்டு போகிறார்கள் என்பது எதிர்த்தவர்களின் குறை. அதில் நியாயம் இல்லாமல் இல்லை, சாக்ரடீஸ் மாதிரிப் பேச்சுத் திறமையும் புகழும் உள்ள ஒருவர் வாயைத் திறந்தால் புதுப் பையன் எப்படி எதிர்த்துக் கை தூக்குவான்? ஆனால் எதிர்த்தவரும் அணியில் ஆடினார், பத்திரிகையிடம் எதிர்த்துப் பேசினார், அதற்காக அவரைத் துரத்தவில்லை. 1985இல் கிளப் தேர்தலில் அடில்சன் தரப்பு தோற்றதும் எல்லாம் முடிவுக்கு வந்தது. அதற்குள் சாக்ரடீஸும் அங்கே இல்லை.

1982 உலகக் கோப்பையில் என்ன நடந்தது? அவ்வளவு நல்ல அணி எப்படித் தோற்றது?

கேப்டன் சாக்ரடீஸ், பயிற்சியாளர் டெலே சந்தானா, நடுக்களத்தில் ஜிகோ, ஃபால்காவ், செரேசோ. சோவியத் ஒன்றியத்தை 2–1, ஸ்காட்லாந்தை 4–1, நியூசிலாந்தை 4–0, அடுத்த சுற்றில் அர்ஜென்டினாவை 3–1 என்று வந்தார்கள். ஜூலை 5, பார்சிலோனாவின் சாரியா மைதானம், எதிரே இத்தாலி. சமன் செய்தாலே அரையிறுதி.

பாவ்லோ ரோஸ்ஸி ஐந்தாவது நிமிடத்திலேயே தலையால் அடித்தார். பன்னிரண்டாவது நிமிடத்தில் ஜிகோ ஒருவரை ஏமாற்றித் திரும்பி இடைவெளியில் பந்தைத் தள்ள, வலப்பக்கமாக ஓடிவந்த சாக்ரடீஸ் கோல்கீப்பர் ஸோஃபுக்கும் பக்கத்துக் கம்பத்துக்கும் நடுவே, பந்து மட்டும் நுழையும் இடத்தில் அடித்தார். 1–1. செரேசோவின் ஒரு கவனக்குறைவான பாஸைப் பிடித்து ரோஸ்ஸி இரண்டாவது. ஃபால்காவ் வெளியிலிருந்து அடித்து 2–2. இந்த இடத்தில் பின்னால் உட்கார்ந்திருந்தால் போதும். உட்காரவில்லை. 74ஆவது நிமிடத்தில் ஒரு கார்னரிலிருந்து ரோஸ்ஸி மூன்றாவது அடித்தார், கதை முடிந்தது.

ஏன் பின்னால் நிற்கவில்லை என்று நாற்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பின்களத்தில் ஓட்டை இருந்தது, முன்களத்தில் செர்ஜின்யோ அந்த அணியின் தரத்துக்கு வரவில்லை, இது இரண்டும் உண்மை. இன்னொரு உண்மையும் உண்டு, அந்த அணிக்கு வேறு மாதிரி ஆடத் தெரியாது. இத்தாலி அந்தக் கோப்பையை வென்றது, தகுதியோடுதான் வென்றது. ஆனால் 1982 என்றதும் கால்பந்துப் பைத்தியங்கள் முதலில் பேசுவது தோற்றுப்போன அந்த மஞ்சள் சட்டைக்காரர்களைப் பற்றித்தான், நானும் அப்படித்தான்.

1984இல் லட்சக்கணக்கான மக்கள் முன்னால் சபதம் போட்டாராமே?

ஆமாம். ‘டிரேட்டாஸ் ஜா’ என்று ஒரு இயக்கம், நேரடித் தேர்தல் இப்போதே வேண்டும் என்று அர்த்தம். ஜனாதிபதியை மக்களே தேர்ந்தெடுக்க வழிசெய்யும் ஒரு அரசியல் சட்டத் திருத்தத்தை டான்டே டி ஒலிவெய்ரா என்ற உறுப்பினர் நாடாளுமன்றத்தில் கொண்டுவந்தார், அதற்கு ஆதரவாக நாடு முழுக்கக் கூட்டங்கள். 1984 ஏப்ரல் 16, சாவ் பாவ்லோவின் அன்யாங்கபாவூ பகுதி, பத்து லட்சத்துக்கும் மேல் கூட்டம் என்பார்கள். மேடையில் மைக் பிடித்தவர் ஒஸ்மார் சாந்தோஸ், கால்பந்து வர்ணனையாளர். அப்போது சாக்ரடீஸுக்கு இத்தாலியிலிருந்து பெரிய தொகைக்கு அழைப்பு வந்திருந்தது. திருத்தம் நிறைவேறினால் நான் பிரேசிலை விட்டுப் போக மாட்டேன் என்று அவ்வளவு பேர் முன்னால் சொன்னார், கூட்டம் ஆர்ப்பரித்தது.

ஒன்பது நாள் கழித்து, ஏப்ரல் 25 அன்று வாக்கெடுப்பு. தேவை 320 ஓட்டு. ஆதரவாக விழுந்தது 298, எதிராக 65 மட்டுமே. ஆனால் நூற்றுக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் அவைக்கே வரவில்லை, வராததே எதிர்ப்பு ஓட்டு மாதிரி ஆகிவிட்டது. 22 ஓட்டில் திருத்தம் விழுந்தது.

சாக்ரடீஸ் கிளம்பிவிட்டார். பணத்துக்காகத்தான் போனார், சபதம் ஒரு சாக்கு என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. திருத்தம் நிறைவேறக்கூடும் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த நேரத்தில், வாழ்நாளின் மிகப்பெரிய சம்பளத்தைத் தானாகவே பணயம் வைத்தார். தோற்ற பிறகு அவர் மனம் உடைந்துதான் போனார் என்பதைக் கூட இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ராணுவ ஆட்சி 1985இல் முடிந்தது, மக்கள் நேரடியாக ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்க 1989 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இத்தாலியில் ஏன் எடுபடவில்லை?

ஃபியோரென்டினாவில் ஒரே ஒரு பருவம், 1984–85. குளிர், கடுமையான உடற்பயிற்சி, கோஷ்டி பிரிந்த ஓய்வறை, அவருக்கு எதுவுமே ஒத்துவரவில்லை. பேசிப் பேசி முடிவெடுத்துப் பழகியவருக்கு, ஒருவரோடொருவர் பேசாத அணியில் என்ன செய்வது என்று தெரியவில்லை. போய் இறங்கிய புதிதில் இத்தாலியின் பழைய நட்சத்திரங்களில் யாரைப் பிடிக்கும் என்று கேட்டதற்கு, நான் கிராம்சியை (இத்தாலிய மார்க்சியச் சிந்தனையாளர்) மூல மொழியில் படிக்கவும் தொழிலாளர் இயக்க வரலாற்றைத் தெரிந்துகொள்ளவும் வந்திருக்கிறேன் என்று பதில் சொன்னதாகச் சொல்வார்கள். பேட்டிக்கு அழகான பதில். ஞாயிற்றுக்கிழமை கோல் எதிர்பார்த்து வரும் ஃபுளோரன்ஸ் ரசிகருக்கு அது போதாது.

1986 உலகக் கோப்பையில் தலையில் பட்டி கட்டியிருந்தாரே?

மெக்சிகோவில் 1985 செப்டம்பர் 19 அன்று பெரிய நிலநடுக்கம், ஆயிரக்கணக்கில் சாவு. எட்டு மாதம் கழித்து அதே நாட்டில் உலகக் கோப்பை. சாக்ரடீஸ் ‘மெக்சிகோ இன்னும் நிமிர்ந்து நிற்கிறது’ என்று ஸ்பானிய மொழியில் எழுதிய வெள்ளைப் பட்டியை நெற்றியில் கட்டிக்கொண்டு வந்தார். அடுத்தடுத்த ஆட்டங்களில் நீதி, சமாதானம் என்று வேறு வேறு வாசகங்கள். உலகம் முழுக்கத் தொலைக்காட்சியில் கேமரா முகத்துக்குப் பக்கத்தில் வரும் நேரம் எவ்வளவு என்று கணக்குப் பார்த்துச் செய்த வேலை அது.

ஆட்டத்தைப் பொறுத்தவரை, 32 வயது, உடம்பு தளர்ந்திருந்தது, கேப்டனும் இல்லை. ஸ்பெயினுக்கு எதிராக ஒரே கோல் அவருடையது. போலந்துக்கு எதிராக அந்த ஒற்றை எட்டுப் பெனால்டி உள்ளே போனது. காலிறுதியில் பிரான்ஸுடன் 1–1, பெனால்டி முறைக்குப் போனது. பிரேசிலின் முதல் அடியை அவர்தான் எடுத்தார், அதே ஒற்றை எட்டு, ஜோயல் பட்ஸ் பாய்ந்து தடுத்துவிட்டார். அன்றைய ஆட்ட நேரத்தில் ஜிகோவும் ஒரு பெனால்டியைத் தவறவிட்டிருந்தார். அந்தத் தலைமுறைக்கு உலகக் கோப்பை கிடைக்காமலே போனது.

டாக்டராக இருந்துகொண்டு சிகரெட், குடி?

மறைக்காமல் சொல்கிறேன், இரண்டும் இருந்தன, அளவுக்கு மீறி இருந்தன. ஆடும் காலத்திலேயே புகைத்தார், 1982 உலகக் கோப்பைக்கு முன்னால் மட்டும் நிறுத்தி உடம்பைத் தேற்றினார், அந்த வருடம் அவர் ஓடியதைப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். பீர் அவருடைய நட்பு வட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. கடைசி வருடத்தில், ரத்தக் கசிவோடு மருத்துவமனைக்குப் போய்வந்த பிறகு, குடிப்பழக்கம் தன்னை எங்கே கொண்டுவந்துவிட்டது என்று பகிரங்கமாகவே பேசினார்.

சிலர் இதை ஒரு கெத்து மாதிரி எழுதுகிறார்கள், கையில் சிகரெட்டோடு புரட்சி பேசிய நாயகன் என்று. எனக்கு அது பிடிப்பதே இல்லை. ஈரல் என்ன ஆகும் என்று நம் எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்த மனிதர், நிறுத்த முடியாமல் 57 வயதில் போய்ச் சேர்ந்தார். இது துக்கம், அழகு ஒன்றும் இல்லை.

ஓய்வுக்குப் பிறகு என்ன செய்தார்?

இத்தாலியிலிருந்து திரும்பி ஃபிளமெங்கோவில் ஆடினார், அங்கே காயங்கள்தான் மிச்சம். 1988இல் சின்ன வயசு ஆசைப்படி சாந்தோஸ், கடைசியாக 1989இல் ஆரம்பித்த இடமான ரிபெய்ராவ் பிரேட்டோ போட்டாஃபோகோ. பிறகு மருத்துவம் பார்த்தார், கொஞ்ச காலம் பயிற்சியாளராக இருந்தார், ‘கார்ட்டா கப்பிட்டால்’ வார இதழில் அரசியலும் கால்பந்தும் கலந்து பத்தி எழுதினார், தொலைக்காட்சியில் பேசினார். பிரேசில் கால்பந்துச் சங்கத்தின் ஊழலைப் பற்றிப் பேசாத வாரம் குறைவு.

2004இல் ஒரு விநோதம். இங்கிலாந்தின் வடக்கே கார்ஃபோர்த் டவுன் என்ற சின்னஞ்சிறு அமெச்சூர் அணி, அதில் ஒரு மாதத்துக்குச் சேர்ந்தார். ஐம்பது வயது, நவம்பர் குளிர். டாட்காஸ்டர் அணிக்கு எதிராகக் கடைசிப் பன்னிரண்டு நிமிடம் இறங்கினார். பத்து நிமிடத்தில் ஓய்ந்தாலும் அன்று அங்கே இருந்தவர்களுக்கு அது ஆயுளுக்கும் போதும்.

அவருடைய தம்பி உலகக் கோப்பை வென்றவரா?

ஆமாம், கடைசித் தம்பி ராயி. 1994இல் கோப்பை வென்ற பிரேசில் அணியில் இருந்தார், போட்டியைத் தொடங்கும்போது கேப்டனும் அவர்தான். அண்ணனுக்கு எட்டாதது தம்பிக்குக் கிடைத்தது.

அவர் இறந்த நாளைப் பற்றி ஏதோ சொல்வார்களே?

‘ஒரு ஞாயிற்றுக்கிழமையில், கொரிந்தியன்ஸ் பட்டம் வெல்லும் நாளில் சாக வேண்டும்’ என்று 1980களில் சொன்னதாகப் பரவலாகச் சொல்வார்கள். 2011 டிசம்பர் 4, ஞாயிறு விடியற்காலை, குடலில் வந்த தொற்று உடம்பு முழுக்கப் பரவி சாவ் பாவ்லோ மருத்துவமனையில் இறந்தார். அன்று சாயங்காலம் கொரிந்தியன்ஸுக்குப் பருவத்தின் கடைசி ஆட்டம், பரம எதிரி பால்மெய்ராஸுடன். ஆட்டம் தொடங்கும் முன் கொரிந்தியன்ஸ் வீரர்கள் நடுவட்டத்தில் நின்று வலது முஷ்டியை உயர்த்தினார்கள். அது சாக்ரடீஸ் கோல் அடித்ததும் நிற்கும் நிலை, ஓடாமல், குதிக்காமல், கையை மட்டும் உயர்த்தி. அரங்கமும் சேர்ந்து உயர்த்தியது. ஆட்டம் 0–0, பிரேசில் தேசியப் பட்டம் கொரிந்தியன்ஸுக்கு.

இப்போது ஏதாவது விருது அவர் பெயரில் இருக்கிறதா?

உலகின் சிறந்த கால்பந்து வீரருக்கு விருது கொடுக்கும் பாலன் டோர் விழாவில் 2022 முதல் சாக்ரடீஸ் பரிசு கொடுக்கிறார்கள், சமூகத்துக்கு உழைக்கும் ஆட்டக்காரர்களுக்காக. முதல் பரிசு செனகலின் சாடியோ மானேவுக்குப் போனது, சொந்த ஊரில் மருத்துவமனையும் பள்ளியும் கட்டியதற்காக.

முதல் தடவை பார்க்கிறேன், எந்த ஆட்டத்திலிருந்து ஆரம்பிக்கலாம்?

இத்தாலி ஆட்டத்தை எல்லோரும் சொல்வார்கள். நான் அதற்கு மூன்று வாரம் முந்தைய ஆட்டத்தைச் சொல்கிறேன், 1982 ஜூன் 14, செவில், சோவியத் ஒன்றியம். பிரேசில் கோல்கீப்பர் கைநழுவி ஒரு கோல் வாங்கிவிட்டார், நேரம் போய்க்கொண்டே இருக்கிறது, எதிரே உலகின் தலைசிறந்த கோல்கீப்பர்களில் ஒருவரான தசாயெவ். 75ஆவது நிமிடம், பெனால்டி பெட்டிக்கு வெளியே பந்து சாக்ரடீஸிடம் வருகிறது. ஒருவர் பாய்கிறார், பந்தைப் பக்கவாட்டில் தட்டி விலகுகிறார். இன்னொருவர் பாய்கிறார், மறுபடியும் அதேபோல் வலப்பக்கம் ஒரு தட்டு. அப்புறம் வலதுகாலால் ஒரு அடி, தசாயெவ் முழு நீளத்துக்குப் பறந்தும் எட்டவில்லை, பந்து மேல் மூலையில். அதை ஒரு தடவை பார்த்துவிட்டு, ஆட்டத்தை முதலிலிருந்து போட்டு, பந்து இல்லாத நேரத்தில் அந்த உயரமான எட்டாம் எண் சட்டையை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள்.